மூணே முக்கால் வட்டிக்கு ஒரு கொசுறு

கம்பம் பள்ளத்தாக்கில் யாரிடம் வேண்டுமானாலும் வட்டிக் கணக்குக் கேட்டுப் பாருங்கள். வருடத்துக்கு இத்தனை சதவீதம் என்று ஒருவரும் சொல்ல மாட்டார். நூற்றுக்கு மாதம் எவ்வளவு, அதுதான் கணக்கு. ஒரு வட்டி என்றால் கொடுத்தவர் சொந்தக்காரர். ரெண்டு வட்டி என்றால் நியாயஸ்தர். மூணு வட்டி என்றால், "கொஞ்சம் கூடத்தான், ஆனா அவசரத்துக்குக் குடுத்தாருல்ல" என்று அவருக்காக நாமே வாதாடுவோம். நாலைத் தாண்டினால் பெயரைச் சொல்லுமுன் குரல் இறங்கும். பத்து வட்டிக்காரரைப் பற்றித் தெருவில் பேச்சே எழாது. அவர் புல்லட் சத்தம் கேட்டால் கதவு மட்டும் சாத்திக்கொள்ளும்.

இத்தனை நுணுக்கமாகக் கணக்குத் தெரிந்த ஊருக்குள்தான், கழுத்தில் அடையாள அட்டையும் கையில் செல்போனுமாக ஒரு தம்பி வந்து நிற்கிறான். தேனியில் ஜவுளிக்கடை வாசல், கம்பத்தில் ஏடிஎம் வாசல், போடியில் நகைக்கடை வாசல்.

"அண்ணே, அஞ்சு பர்சென்ட் கேஷ்பேக்ண்ணே. நீங்க செலவு பண்ணப் பண்ண பேங்க்குக்காரன் உங்களுக்குக் காசு போடுவான்ணே."

செலவழித்தால் காசு வரும்! 1895-இல் பென்னிகுவிக் முல்லைப் பெரியாற்றை மறித்து மலையைக் குடைந்து தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பிவிட்ட பிறகு இப்படி ஒரு நல்ல சேதி இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்ததில்லை. ஆதார், பான், ஒரு செல்ஃபி. டீ ஆறுவதற்குள் அட்டைக்கு விண்ணப்பம் போய்விடுகிறது. வட்டி எத்தனை என்று தம்பி சொல்வதில்லை. அவனைக் குறை சொல்லிப் பயனில்லை; அவனுக்கும் மாதம் இத்தனை அட்டை என்று மேலே ஒருவர் கழுத்தில் கத்தி வைத்திருக்கிறார்.

சரி, அந்த ஐந்து சதவீதத்தை உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம். சின்னமனூரில் மாதம் 30,000 ரூபாய் செலவழிக்கும் ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து சதவீதம் என்றால் மாதம் 1,500 ரூபாய். வீட்டம்மாவுக்கு ஒரு புடவை அதற்குள் மனதில் எடுத்தாகிவிட்டது.

பெட்ரோல் 3,000. மன்னிக்கவும், எரிபொருளுக்குப் பொதுவாக கேஷ்பேக் கிடையாது. பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு மாதம் 6,000 எடுத்து வைக்க வேண்டும். கல்விச் செலவைப் பல அட்டைகள் சேர்ப்பதில்லை. மின்கட்டணமும் காப்பீடும் 2,500. அதுவும் விலக்குப் பட்டியலில். வீட்டு வாடகை 6,000; கேஷ்பேக் இல்லாததோடு, முன்பு அட்டையில் வாடகை கட்டியவர்களிடம் ஒரு சதவீதம் தனிக் கட்டணமும் கேட்டார்கள். நகைக்கு 5,000, விலக்கு. பால், காய்கறி, மளிகை 5,000. தேனி வாரச்சந்தையில் கத்தரிக்காய் விற்கிற ஆத்தாவிடம் அட்டை தேய்க்கும் மெஷின் இல்லை. மிச்சம், ஆன்லைனில் வாங்கும் சில்லறைச் சாமான் 2,500. அதற்கு ஐந்து சதவீதம் 125 ரூபாய்.

மாதம் 1,500 என்று நினைத்தது, வருடத்துக்கு 1,500 ஆகிவிட்டது. ஆண்டுக் கட்டணம் 999, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 1,179. கழித்தால் வருடத்துக்கு மிஞ்சுவது 321 ரூபாய். மாதத்துக்கு 27 ரூபாய்கூடத் தேறாது. இரண்டு டீக்குக் காணும், வடைக்குக் காணாது. வருடத்துக்கு இரண்டு லட்சம் செலவழித்தால் ஆண்டுக் கட்டணம் தள்ளுபடியாம். 1,179 ரூபாயை மிச்சம் பிடிக்க, வேண்டாத குளிர்சாதனப் பெட்டி ஒன்றை வாங்கியவர்களை எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

இன்னொரு வித்தையும் உண்டு. அட்டை வாங்கும் ஒவ்வொரு கடைக்கும், அது என்ன வியாபாரம் என்று காட்ட நான்கு இலக்க எண் ஒன்று இருக்கிறது. நீங்கள் வாங்கியது அரிசியா ஆணியா என்று வங்கி பார்ப்பதில்லை. அந்த எண்ணைத்தான் பார்க்கும். மெஷின் வாங்குகிற அன்று யாரோ ஒரு பையன் தவறான எண்ணைத் தட்டியிருந்தால் உங்கள் அரிசி அரிசியாகாது. கேட்டால், "விதிமுறைகளும் நிபந்தனைகளும் பொருந்தும்" என்பார்கள். பொடி எழுத்தில் அவை இருப்பது உண்மைதான்; ஏலக்காய் தரம் பிரிக்கிற கண்ணுக்குக்கூட அவை தட்டுப்படாது.

இதுவரை சொன்னது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். இனிச் சொல்வது அப்படியில்லை.

திராட்சை பழுத்து நிற்கும்போது மழை பெய்தால் பழம் வெடித்துவிடும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். மழைக்கு அந்தச் சான்றிதழைக் காட்ட முடியவில்லை. காற்றடித்தால் வாழை சாயும். அப்படி ஒரு மாதம் அட்டையில் 40,000 நின்றுபோகிறது. "பரவாயில்லை, குறைந்தபட்சத் தொகை 2,000 கட்டினால் போதும்" என்று குறுஞ்செய்தி வரும். என்ன கரிசனம்! மாதம் மூணே முக்கால் சதவீதம் பல அட்டைகளில் சாதாரண வட்டி. 40,000-க்கு மாத வட்டி 1,500. வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 270. ஆக 1,770. நீங்கள் வயிற்றைக் கட்டிக் கட்டிய இரண்டாயிரத்தில் அசலுக்குப் போனது 230 ரூபாய். நாளொன்றுக்கு 59 ரூபாய் வட்டியும் வரியுமாக ஓடுகிறது. வருடம் முழுக்க ஆசையாகச் சேர்த்த 321 ரூபாய் கேஷ்பேக் ஐந்தரை நாளில் காலி. பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் சாமானுக்கும், வாங்கிய அன்றிலிருந்தே வட்டி.

ஊர்க் கணக்கில் சொல்வதென்றால் இது மூணே முக்கால் வட்டி. வரியோடு ஏறக்குறைய நாலரை வட்டி. பெயரைச் சொல்லுமுன் குரல் இறங்குகிற வட்டி. இதைத் தெருவில் ஒருவர் வாங்கினால் அவருக்குப் பட்டப்பெயர் வைக்கிறோம். வங்கி வாங்கினால் பிறந்தநாள் வாழ்த்து அனுப்புகிறது, நாமும் நன்றி சொல்கிறோம்.

தமிழ்நாட்டில் 2003 முதல் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. நாள் வட்டி, மணி நேர வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் அதில் வரும்; மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே ஒரு குடும்பம் கந்துவட்டிக் கொடுமையால் தீக்குளித்ததை இந்த மாநிலம் தொலைக்காட்சியில் பார்த்தது. 2022-இல் காவல்துறை ஆபரேஷன் கந்துவட்டி என்று வேட்டைக்குப் புறப்பட்டது. எல்லாம் வேண்டியதுதான், அந்தக் கொடுமைக்காரர்களுக்காக நான் கண்ணீர் விடப் போவதில்லை. ஆனால் அந்தச் சட்டத்தின் கை வங்கியின் சட்டைக் காலர் வரை நீளாது. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 21ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது: வட்டி அளவு மீறியது என்ற காரணத்துக்காக மட்டும் வங்கிக் கடனை எந்த நீதிமன்றமும் திறந்து பார்க்கக் கூடாது. புல்லட்டில் வருகிறவருக்கு இப்படி ஒரு பிரிவு எழுதிக் கொடுத்திருந்தால் அவரும் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வந்திருப்பார்.

ஒரு முறை இதைக் கேட்கத்தான் செய்தார்கள். 2008 ஜூலையில் தேசிய நுகர்வோர் ஆணையம், கடன் அட்டைக்கு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று சொன்னது. வங்கிகள் உச்ச நீதிமன்றம் போயின. பதினாறு ஆண்டு கழித்து, 2024 டிசம்பர் 20 அன்று அந்தத் தீர்ப்பு ரத்தானது. வட்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டியது ரிசர்வ் வங்கி. ஆணையம் ஒப்பந்தத்தைத் திருத்தி எழுத முடியாது. அட்டை வைத்திருப்பவர்கள் நிபந்தனையெல்லாம் அறிந்தவர்களே என்றது நீதிமன்றம். அறிந்தவர்கள்! ஜவுளிக்கடை வாசலில், இடுப்பில் பிள்ளையோடு, ஒரு கையில் பையும் மறு கையில் ஓடிபியுமாக நின்றவர்கள் நாற்பது பக்க ஒப்பந்தத்தைக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் ஓகே பட்டனை அழுத்தினார்கள் என்பது இனி நாட்டின் சட்டம்.

வட்டியே இல்லாத தவணை என்று செல்போன் கடையில் பலகை தொங்குகிறதே, அதைப் பற்றியும் ஒரு வரி. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியே சுற்றறிக்கை விட்டது. பலகையின் பெயர் மாறியது. பலகை இறங்கவில்லை.

இந்தக் கேஷ்பேக் யார் வீட்டுப் பணம்? சந்தையில் காய் வாங்கினால் கொசுறாகக் கறிவேப்பிலை போடுவார்கள். அது விற்கிறவர் தன் கூடையிலிருந்து எடுத்துப் போடுவது. வங்கி போடும் கொசுறு அடுத்தவர் கூடையிலிருந்து வருகிறது. கடன் அட்டையைத் தேய்த்தால் கடைக்காரர் நூற்றுக்கு இரண்டு ரூபாய் அளவில் வங்கிக்குக் கட்டணம் கட்டுகிறார், அதற்கு ஜிஎஸ்டி தனி. டெபிட் அட்டைக்கு 0.9 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று 2018 முதல் வரம்பு போட்ட ரிசர்வ் வங்கி, கடன் அட்டைக்கு வரம்பு போடவில்லை. அதனால்தான் சின்னக் கடைக்காரர், "சார், ஜிபே பண்ணிருங்க, கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் சேரும்" என்று வெளிப்படையாகக் கெஞ்சுகிறார். பெரிய கடைக்காரர் கெஞ்சுவதில்லை. எல்லாருக்குமான விலையிலேயே ஏற்றிவிடுகிறார்.

எல்லாருக்குமான விலை. விடியுமுன் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு இடுக்கி ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிற பெண்களும் அதே விலைதான் கொடுக்கிறார்கள். அவர்களிடம் அட்டை இல்லை. கூலியைச் சுருக்குப்பையிலிருந்து எண்ணி வைத்துக் குக்கர் வாங்குகிறார்கள். அந்தக் குக்கரின் விலையில் ஒளிந்திருக்கும் அந்த நூற்றுக்கு இரண்டு ரூபாயில் ஒரு பங்குதான், அதே கடையில் அட்டை தேய்த்த அதிகாரிக்குக் கேஷ்பேக்காகப் போகிறது. இது என் கற்பனை இல்லை. 2010-இல் அமெரிக்காவின் பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் பொருளியலாளர்கள் அங்கே கணக்கிட்டார்கள்: ரொக்கம் கொடுக்கும் ஒரு குடும்பம் ஆண்டுக்குச் சராசரி 149 டாலர் இழக்கிறது, அட்டை தேய்க்கும் குடும்பத்துக்கு 1,133 டாலர் சேர்கிறது. நம்மூர்க் கணக்கை யாராவது போட்டுப் பார்த்தால் நல்லது. போட மாட்டார்கள்.

மாதா மாதம் முழுத் தொகையையும் கட்டிவிட்டுக் கேஷ்பேக்கை மட்டும் கறந்துகொள்ளும் கெட்டிக்காரர்கள் உண்டு, தெரியும். விமான நிலைய ஓய்வறையில் இலவச இட்லி சாப்பிட்டுப் படம் போடுகிறவர்கள். ஐயா, அந்த இட்லிக்கு மாவு அரைத்தது வெடித்த திராட்சைக்காரர் கட்டிய நாலரை வட்டி. சட்னியோடு சாப்பிடுங்கள்.

நிஜமான கேஷ்பேக் ஒன்றும் இந்த நாட்டில் இருக்கிறது. கிசான் கிரெடிட் கார்டு, 1998-இல் வந்தது. குறிப்பிட்ட வரம்பு வரை பயிர்க்கடன், ஆண்டுக்கு 7 சதவீதம். சொன்ன தேதியில் கட்டினால் அதில் 3 சதவீதம் திரும்ப வரும். தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் தவணை தவறாவிட்டால் பயிர்க்கடனுக்கு வட்டியே இல்லை. அதற்காக எந்தத் தம்பியும் ஜவுளிக்கடை வாசலில் நிற்பதில்லை. அதற்குச் சிட்டா வேண்டும், அடங்கல் வேண்டும், கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்து வேண்டும், அவர் இருக்கையில் இருக்க வேண்டும். குத்தகைக்கு உழுகிறவர் பெயரில் சிட்டாவும் இராது. மாதம் மூணே முக்காலுக்கு ஒரு செல்ஃபி போதும். வருடம் நாலுக்கு மூன்று தலைமுறைக் காகிதம் வேண்டும்.

அட்டை வைத்திருப்பவர்கள் இன்று ராத்திரி ஒரு வேலை செய்யுங்கள். கடைசி பில்லை எடுத்து, கேஷ்பேக் வரியை விட்டுவிட்டு, வட்டி, கட்டணம், ஜிஎஸ்டி மூன்றையும் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை கேஷ்பேக்கை மிஞ்சினால், நிலுவையை எப்பாடுபட்டாவது அடைத்துவிட்டு அட்டையை மூடச் சொல்லி எழுதிப் போடுங்கள். ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் கொண்டுவந்த விதிப்படி ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். தவறினால் மூடுகிறவரை நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். எந்தக் கடை, என்ன சாமான் என்று கேட்காமல் வங்கி தன் கூடையிலிருந்து எடுத்துக் கொடுக்கிற ஒரே கேஷ்பேக் அதுதான். விடாமல் கேட்டு வாங்குங்கள்.