இழைமாவியல்: பாஸ்தாவுக்கு மாற்று குறித்து நாஞ்சில் நாட்டிலிருந்து ஒரு முன்னாய்வு

1. சிக்கலின் தோற்றம்

வடசேரியிலிருந்து செட்டிகுளம் வரை, நாகர்கோவிலின் எந்த சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைந்தாலும் சேமியாவுக்குப் பக்கத்துத் தட்டில் பாஸ்தா இருக்கிறது. சில ஆண்டுகளாக அதன் பகையாளிகளும் அதே தட்டில் குடியேறியிருக்கிறார்கள்: முழுக்கோதுமை பாஸ்தா, ராகி பாஸ்தா, வரகு பாஸ்தா, கொண்டைக்கடலை மாவு பாஸ்தா. விலை ஏற ஏற ஆரோக்கியமும் ஏறும் என்பது பொட்டலங்களின் ஒருமித்த கருத்து. மைதாவைக் குறைக்கச் சொல்லி டாக்டர் அனுப்பிய தம்பதிகள் அந்தத் தட்டின் முன் நின்று தாழ்ந்த குரலில் வழக்காடுவதைக் காணலாம். அறிவுலகம் இவர்களைக் கைவிட்டுவிட்டது. அந்தக் குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை.

ஆய்வு எல்லை, கிழக்கே ஆரல்வாய்மொழி முதல் மேற்கே களியக்காவிளை வரை. தெற்கே கடல், அங்கே சர்ச்சைக்கு இடமில்லை. நாஞ்சில் நாடு என்றால் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும்தான், கல்குளமும் விளவங்கோடும் அதில் சேராது என்று திருத்துவோர் உண்டு. அவர்கள் சொல்வது சரி. ஆனால் மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கு அந்தப் பக்கம்தான் நன்றாக விளைகிறது. ஆய்வின் நலன் கருதி இரண்டு தாலுகாக்களையும் இழுத்துக்கொண்டோம். நிதி நல்கியவர் எவருமில்லை. மாவு நல்கியவர்கள் உண்டு.

2. முன்னோர் கூற்று

தமிழில் எந்த ஆய்வும் சங்க இலக்கியத்தில் தொடங்க வேண்டும் என்பது மரபு. மரபை வணங்கிவிட்டு நாம் மார்க்கோ போலோவிடம் செல்வோம். சீனாவிலிருந்து கடல்வழியாக ஊர் திரும்பிய அந்த வெனிஸ் வணிகர், 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கமாகப் போனவர். தம் நூலில் குமரிக்கென்று ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். துருவ நட்சத்திரம் இங்கே கொஞ்சம் தெரிகிறது என்கிறார். மனிதரைப் போலத் தோற்றமளிக்கும் குரங்குகள் இருப்பதாகவும் சொல்கிறார்.

சீனத்து நூடுல்ஸைப் பார்த்து இத்தாலிக்குப் பாஸ்தாவைக் கொண்டுபோனவர் இவரே என்று ஒரு கதை உண்டு. அந்தக் கதையை ஊரெல்லாம் பரப்பியது அமெரிக்க மக்ரோனி உற்பத்தியாளர்களின் இதழ், 1929-இல். உண்மையில் சிசிலித் தீவில் டிராபியா என்ற ஊரில் இழை இழையாக மாவுப் பண்டம் செய்து கப்பலேற்றியதை அல் இத்ரீசி என்ற அரபுப் புவியியலாளர் 1154-இலேயே எழுதிவிட்டார். போலோ பிறந்தது 1254. பிறப்பதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஒருவர் எதையும் கொண்டுபோக முடியாது.

போலோ குமரிக் கரையில் இடியாப்பம் தின்றார், அச்சையும் இடுப்பில் செருகிக்கொண்டு போனார் என்று நிறுவ நமக்கும் ஆசைதான். குரங்கைக் குறித்துவைத்தவர் இடியாப்பத்தைக் குறிக்கவில்லையே! ஆசையைக் கைவிடுகிறோம். வாட்ஸப் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பிப்பதாக இருந்தால் கைவிட வேண்டியிருந்திருக்காது.

3. வகைப்பாடு

பாஸ்தா என்பது மாவைப் பிசைந்து, உருக்கொடுத்து, நீரிலோ நீராவியிலோ வேகவைத்த பண்டம் எனக் கொண்டால், அதன் உறவினர்கள் குமரி மாவட்டத்தில் ஏராளம். ஸ்பகெட்டியின் தாயாதி இடியாப்பம் என்பதில் ஐயமில்லை. உள்ளே பூரணம் வைத்து மூடும் ரவியோலிக்கு நேரே கொழுக்கட்டையை நிறுத்தலாம். ஆடிச் செவ்வாயில் ஔவையாருக்குப் படைக்கும் பெருமை ரவியோலிக்குக் கிடையாது.

தகடு வகையில் லசானியாவுக்கு ஈடாக நாம் முன்வைப்பது அடை. அரிசி மாவை வாழையிலையில் மெல்லப் பரப்பி, வேகவைத்து, துண்டு துண்டாக நறுக்கி, காயவைத்து, பொட்டலமாகக் கட்டி விற்கிறார்கள். இதைவிடத் துல்லியமாக ஒரு பாஸ்தா இருக்க முடியாது. ஆனால் அது வெல்லப்பாகிலும் தேங்காய்ப்பாலிலும் முங்கிப் பிரதமனாகவே கல்யாணப் பந்திக்கு வருகிறது. ஆகவே ஆரோக்கிய மாற்று என்ற தலைப்பிலிருந்து அதை விலக்கினோம். விலக்குவதற்கு முன் இரண்டு கரண்டி வாங்கிச் சோதித்தோம்.

குழாய் வடிவில் புட்டு இருக்கிறதே என்பார்கள். புட்டுக்குழல்தான் உள்ளீடற்றது, புட்டுக்கு உள்ளே புட்டுதான் இருக்கிறது. மக்ரோனியோடு சேர்க்க இயலாது.

4. மரச்சீனி மக்ரோனி

இனி வருவது இந்த ஆய்வின் நடுப்பகுதி. சிரிக்க வேண்டாம், முழுக்க உண்மை.

திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கியது நாஞ்சில் நாடு. பேச்சிப்பாறை அணை 1906-இல் முடிந்து கோதையாற்றுத் தண்ணீர் வயலுக்கு வந்தது. அப்படியும் சமஸ்தானத்துக்குச் சோறு போதவில்லை. பர்மாவிலிருந்து அரிசி வந்துகொண்டிருந்தது. 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அதுவும் நின்றது. பஞ்சம் தலையெடுத்தபோது வயிற்றை நிரப்பியது மரச்சீனி. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா தம் காலத்திலேயே இந்தக் கிழங்கைப் பயிரிடச் சொல்லி ஊக்குவித்திருந்தார். அதன் பலன் இரண்டு தலைமுறை கழித்துக் கிடைத்தது. மரச்சீனியை அவித்துச் சாளை மீன் குழம்போடு தின்றவர்கள் பிழைத்தார்கள். குழம்பு இல்லாமல் தின்றவர்களுக்கு வயிறு நிறைந்தது, உடம்பு தேறவில்லை. கிழங்கில் மாவுச்சத்து உண்டு, புரதம் ஏறக்குறைய இல்லை என்பதே காரணம்.

விடுதலைக்குப் பின்னும் அரிசித் தட்டுப்பாடு தீரவில்லை. 1950-இல் மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. அதன் முதல் இயக்குநர் வி. சுப்பிரமணியனும் சகாக்களும் ஒரு கலவையைக் கண்டார்கள்: மரச்சீனி மாவு 60 பங்கு, கோதுமை ரவை 25 பங்கு, எண்ணெய் நீக்கிய நிலக்கடலை மாவு 15 பங்கு. இதைப் பிசைந்து, மக்ரோனி எந்திரத்தில் பிழிந்து, அரிசிமணி அளவில் வெட்டி உலர்த்தினார்கள். பெயர் மரச்சீனி மக்ரோனி. கிழங்கு தராத புரதத்தைக் கடலை தந்தது. உருவம் அரிசியாக நடித்தது.

ஆய்வுலகம் இங்கே சற்று நிற்க வேண்டும். நம் மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியோடு ஒட்டிக்கொண்டிருந்த காலம் அது. தமிழகத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ஆம் தேதி. அன்று விஞ்ஞானிகளின் கேள்வி, அரிசிக்கு மாற்றாகப் பாஸ்தாவைத் தர முடியுமா என்பது. இன்று பேரப்பிள்ளைகளின் கேள்வி, பாஸ்தாவுக்கு மாற்றாக அரிசியைத் தர முடியுமா என்பது. கேள்வி தலைகீழாகியிருக்கிறது, கவலை அதேதான்.

சத்துக் கணக்கில் மரச்சீனி மக்ரோனி வெறும் மரச்சீனியைவிட எவ்வளவோ மேல். எலிகளுக்கும் குழந்தைகளுக்கும் கொடுத்து ஆராய்ந்து எழுதினார்கள். என்றாலும் நாகர்கோவிலில் யார் வீட்டுப் பாட்டியும் அதன் பக்குவத்தைப் பேத்திக்குச் சொல்லிக்கொடுத்ததாகக் கேள்வியில்லை. சம்பா அரிசி மீண்டும் கிடைக்கத் தொடங்கியதும் அரிசியாக நடித்த மக்ரோனி மேடையிலிருந்து இறங்கிவிட்டது. மரச்சீனி மட்டும் தன் சொந்த உருவத்தில், கடுகு தாளித்துத் தேங்காய்ப்பூ போட்டு, இன்றும் டீக்கடையில் இருக்கிறது. அட்டவணை ஜெயித்த இடத்தில் நாக்கு தோற்றுப்போவதில்லை என்ற இந்த முடிவைப் பொட்டலக்காரர்கள் ஏனோ மேற்கோள் காட்டுவதில்லை.

5. மாவு தரும் அதிர்ச்சி

இடியாப்பமே பாஸ்தாவுக்கு உகந்த மாற்று என்று முடித்துவிட்டுக் கைகழுவலாம் என்றிருந்தோம். கிளைசெமிக் குறியீடு குறுக்கே வந்தது. தின்ற மாவுச்சத்து எவ்வளவு வேகமாக ரத்தத்தில் சர்க்கரையாக ஏறுகிறது என்பதன் அளவு அது, குளுக்கோஸுக்கு 100. டியூரம் என்ற கெட்டிக் கோதுமையின் ரவையில் செய்த பாஸ்தா 50-ஐ ஒட்டி நிற்கிறது. நைசாக அரைத்த பச்சரிசி மாவின் இடியாப்பமோ அதைத் தாண்டி மேலே உட்கார்ந்திருக்கிறது.

காரணம் எளிது. பாஸ்தாவில் கோதுமைப் புரதம் வலைபோலப் பின்னி மாவுமணிகளை இறுகப் பிடித்துக்கொள்கிறது; செரிமான நீர் உள்ளே புக நேரமாகும். கொஞ்சம் விறைப்பு மிஞ்ச வேகவைத்தால் இன்னும் நேரமாகும். இடியாப்பத்தில் அந்த வலை கிடையாது. மெல்லிய இழை, நொறுங்க அரைத்த மாவு, முழு வேக்காடு. வயிற்றுக்கு வேலையே வைப்பதில்லை. குழந்தைக்கும் காய்ச்சல்காரருக்கும் அதைத் தருவது இதனால்தான். சர்க்கரை நோயாளிக்கு யோசித்துத் தர வேண்டியதும் இதனால்தான்.

பாஸ்தாவின் மேல் சுமத்தப்பட்ட பழியில் பாதி மைதாவினுடையது. இத்தாலியில் உலர் பாஸ்தாவை டியூரம் ரவையில் மட்டுமே செய்ய வேண்டும் என்று 1967-லேயே சட்டம் போட்டார்கள். நம் கடைகளில் அந்தச் சட்டம் செல்லாது. பொட்டலத்தின் பின்புறப் பொடியெழுத்தில் முதலில் மைதா இருக்கிறதா ரவை இருக்கிறதா என்று பார்ப்பது ஆய்வாளர் கடமை. ராகி பாஸ்தாவின் முன்புறம் ராகிக் கதிர் படம் இருக்கும். பின்புறம் ராகி எத்தனை சதவீதம் என்பதைப் பார்த்துவிட்டு வாங்குவது உத்தமம். ராகியின் சுண்ணாம்புச்சத்து 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல்; அது ராகி இருந்தால்தான் வரும்.

இடியாப்பத்துக்கும் மீட்சி உண்டு. ஒன்று, தவிடு முழுக்கப் போகாத சிவப்பரிசி மாவு. இரண்டு, கூட என்ன வருகிறது என்பது. தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் வந்தால் வெள்ளைக் கூட்டணி. கடலைக்கறியோ முட்டைக்கறியோ வந்தால் புரதமும் கொழுப்பும் சேர்ந்து சர்க்கரையின் ஓட்டத்தைத் தணிக்கின்றன. மூன்றாவது, பழைய இடியாப்பம். வெந்த மாவுச்சத்து ஆறிக் குளிரும்போது அதில் ஒரு பகுதி மறுபடி இறுகி, குடலில் சீக்கிரம் கரையாததாக மாறுகிறது. ராத்திரி மிஞ்சியதைக் காலையில் உதிர்த்துத் தாளிக்கும் வீட்டில் சிக்கனம் என்ற பெயரில் நடந்துவந்தது இந்த வேதியியல்தான். பாஸ்தாவுக்கும் இதே விதி பொருந்தும். அதைப் பழையதாக்கித் தின்னும் வழக்கம் இங்கே இன்னும் வேரூன்றவில்லை.

6. வாய்மொழித் தேர்வு

தொல்காப்பியத்தைக் கேட்டுக் குறுக்குக் கேள்வி போட்ட அதங்கோட்டாசான் எங்கள் விளவங்கோட்டுக்காரர் என்று சொல்லிக்கொள்கிற மாவட்டம் இது. தேர்வாளர் இல்லாமல் எதையும் அரங்கேற்ற முடியாது. பூதப்பாண்டிப் பக்கம் ஒரு வீட்டு அடுக்களையில் ஆய்வேடு வாசிக்கப்பட்டது. தேர்வாளர் எழுபது தாண்டிய ஆச்சி. கையில் அரிவாள்மணை, முன்னால் கீரைக்கட்டு.

மார்க்கோ போலோவுக்குத் தலையாட்டினார். மரச்சீனி மக்ரோனிக்குச் சிரித்தார். கிளைசெமிக் குறியீட்டைச் சொன்னபோது, "அதுக்குத்தான் கடலைக்கறி வைக்கது" என்றார். வாசித்து முடித்ததும் கீரைத்தண்டை ஒதுக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"கொள்ளாம் மக்களே. எல்லாம் செரி. யாரு பிழிவா?"

சிவப்பரிசி மாவு, சூடான மாவு, கெட்டியான பிசைவு. ஆறேழு பேருக்கு இருபது முப்பது இடியாப்பம். உரலைப் பிடித்து அழுத்துகிற தோள்பட்டை எந்த அட்டவணையிலும் இல்லை. பாஸ்தாவைக் கொதிக்கிற நீரில் போட்டால் பத்து நிமிடத்தில் தானே வெந்துவிடுகிறது. தட்டில் அதற்கு இடம் கிடைத்ததற்கு இதைவிடப் பெரிய காரணத்தை நாம் தேடியிருக்க வேண்டியதில்லை.

"மருமக ஸ்கூலுக்குப் போணும். எனக்குத் தோளு தூக்க முடியாது. நீ பிழிவியா?" என்றார் தேர்வாளர்.

ஆய்வாளர் கடைகளில் கிடைக்கும் இடியாப்ப எந்திரங்கள், மோட்டார் வைத்தவை முதலியன குறித்துச் சில குறிப்புகளை எடுத்துரைக்கத் தொடங்கினார். தேர்வாளர் எழுந்துபோய் இடியாப்ப உரலை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தார். மாவு அடுப்படியில் பிசைந்து தயாராக இருந்தது.