பிள்ளையைச் சேர்த்தாச்சு, பெற்றோரை?

இந்த வாரக் கேள்விகள் எல்லாம் சேவூர், அவிநாசி வட்டாரத்திலிருந்து வந்தவை. பனியன் தொழிலுக்காக வந்து குடியேறிய வெளிமாநிலக் குடும்பங்களையும் நம் தொடக்கப் பள்ளிகளையும் பற்றியவை.

என் லைன் வீட்டில் ஒடிசாக்காரக் குடும்பம் குடிவந்திருக்கிறது. பையனுக்கு டி.சி. இல்லை. பள்ளியில் சேர்ப்பார்களா?
- வீட்டு உரிமையாளர், சேவூர்

இன்றைக்கே சேர்க்கலாம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்கிறது 5ஆம் பிரிவு. வயதுச் சான்று இல்லை என்றும் மறுக்கக் கூடாது என்கிறது 14ஆம் பிரிவு. இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள் பள்ளியில் சேர்வதை உறுதிசெய்வது உள்ளாட்சியின் கடமை என்று 9ஆம் பிரிவு சொல்கிறது. முதல் நாள் நீங்களே கூடப் போய் வாருங்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் பக்கத்தில் நின்றால் அந்தத் தாய்க்குப் பாதி பயம் போய்விடும்.

எட்டு வயதுப் பெண். பள்ளி வாசலையே மிதித்ததில்லை. ஒன்றாம் வகுப்பில்தானே போட வேண்டும்?
- அங்கன்வாடிப் பணியாளர், அவிநாசி

கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும். விட்டுப்போன படிப்பை ஈடுகட்டச் சிறப்புப் பயிற்சி பெறுவது அவள் உரிமை. அது 4ஆம் பிரிவு. தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்காரவைக்கப்பட்ட குழந்தை, வெட்கப்பட்டே நின்றுவிடும்.

தமிழே தெரியாத பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் எங்கள் பிள்ளைகளின் படிப்பு பின்தங்காதா?
- கடலை விவசாயி, சேவூர்

உங்கள் கவலை நியாயமானது. ஆனால் 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் பாடம் நடத்துகிறார்கள். பீகாரிலிருந்து வந்த பிள்ளை தமிழில் அரும்பாக இருக்கலாம், கணக்கில் மலராகவும் இருக்கலாம். ஏழும் எட்டும் பதினைந்து என்பதற்கு மாநிலம் கிடையாது. அந்தப் பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும்போது உங்கள் பிள்ளைக்கும் தமிழ் ஒருமுறை கூடுதலாகப் பதியும். கெடுவது எப்போது என்றால், இரண்டு பேரையும் ஒரே ஆசிரியரிடம் விட்டுவிட்டு நாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்போதுதான். கூடுதல் ஆசிரியர் வேண்டும் என்று ஊராட்சியிலும் கல்வி அலுவலகத்திலும் கேளுங்கள். அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கே அதிகம்.

வெளிமாநிலப் பெற்றோர் கூட்டத்துக்கே வருவதில்லை. அக்கறை இல்லையோ?
- தலைமையாசிரியை, அவிநாசி ஒன்றியம்

அக்கறைக்குக் குறைவில்லை, நேரம்தான் இல்லை. காலை எட்டரைக்குக் கம்பெனிக்குள் போனால், ஒன்றரை ஷிப்ட் முடிந்து வெளியே வர இரவு எட்டரை ஆகிவிடுகிறது. வேலைநாளில் பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டம் வைத்தால், பேக்கிங்கில் நிற்கும் தாய் அரை ஷிப்ட் சம்பளத்தை விட்டுவிட்டு வர வேண்டும். பீஸ் ரேட்டில் தைக்கும் டெய்லருக்கோ எழுந்த நிமிடமே நஷ்டம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் குடியிருக்கும் காம்பவுண்டிலேயே கூட்டம் போட்டுப் பாருங்கள். துணி துவைத்துக்கொண்டிருக்கும் பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவார்கள். பிள்ளையின் நோட்டைக் கையில் கொண்டுபோங்கள். பக்கத்தைத் திருப்பிக் காட்ட மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் என்பது சட்டம். அதில் ஒரு நாற்காலி இவர்களுக்கு இருக்கட்டும்.

அவர்களோடு பேச மொழிதான் தடை. என்ன செய்வது?
- இடைநிலை ஆசிரியர், சேவூர் அருகே

முதலில் என்ன மொழி என்று கேளுங்கள். வடக்கிலிருந்து வந்தவர் எல்லாரும் இந்திக்காரர் அல்ல. ஒடியா, வங்காளம், போஜ்புரி, அசாமியா எல்லாம் நம் காம்பவுண்டுகளில் புழங்குகின்றன. செல்போன் மொழிபெயர்ப்புச் செயலியில் இந்த மொழிகள் எல்லாம் இருக்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்குக் குரல் பதிவு அனுப்புங்கள். "நாளை பள்ளி உண்டு", "தடுப்பூசி போடுகிறார்கள்" என்று ஒரு பதிவுக்கு ஒரு செய்தி போதும். பத்து வருடமாக இங்கே இருந்து தமிழ் பேசப் பழகிய ஒரு பெண் எந்தக் காம்பவுண்டிலும் இருப்பார். அவரைத் தேடிப் பிடியுங்கள். ஒன்று மட்டும் வேண்டாம்: பிள்ளையின் மேல் உள்ள புகாரை அதே பிள்ளையை வைத்து மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள்.

மதிய உணவில் முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு?
- சத்துணவுப் பணியாளர், சேவூர்

வாழைப்பழம் உண்டு. சேர்க்கிற அன்றே தாயிடம் சொல்லிவிடுங்கள். காலை உணவையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. எட்டரை மணி ஷிப்டுக்கு ஓடும் தாய்க்கு, பிள்ளை பள்ளியில் சூடாகச் சாப்பிடும் என்பதைவிடப் பெரிய ஆறுதல் எது?

தீபாவளிக்கு ஊருக்குப் போன குடும்பம் ஒரு மாதமாக வரவில்லை. பெயரை நீக்கிவிடலாமா?
- வகுப்பாசிரியை, அவிநாசி

அவசரப்பட வேண்டாம். தீபாவளி முடிந்து ஆறாம் நாள் பீகார்க்காரர்களுக்குச் சட் பூஜை. நமக்குப் பொங்கல் எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி. ஒரு போன் போட்டு, "எப்போது வருகிறீர்கள்?" என்று கேளுங்கள். இனிமேல் போகும்போதே பிள்ளையின் எமிஸ் எண், படிக்கும் வகுப்பு, முடித்த பாடம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பள்ளி முத்திரையோடு கொடுங்கள். தந்தையின் செல்போனில் படமும் எடுத்துக்கொடுங்கள். திரும்பி வந்தால் இங்கே தொடரலாம், அங்கேயே தங்கிவிட்டால் அந்தப் பள்ளியில் சேர அது உதவும்.

பத்து வயதுப் பெண் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே நிற்கிறாள். கூடவே பனியனில் பிசிறும் வெட்டுகிறாள்.
- பக்கத்து வீட்டுக்காரர், சேவூர்

அந்தத் தம்பியை அங்கன்வாடியில் சேர்த்தால் அக்கா பள்ளிக்கு வந்துவிடுவாள். முதலில் அதைச் செய்யுங்கள். பள்ளியும் அங்கன்வாடியும் ஒன்றுக்கொன்று பேசிக்கொண்டாலே பல பெண்பிள்ளைகள் தப்பிப்பார்கள். பள்ளி நேரத்தில் வேலை வாங்குவது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள். 14 வயதுக்குக் குறைந்தவர்களை எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்கக் கூடாது என்று 2016இல் சட்டம் திருத்தப்பட்டது. வீட்டார் தொழிலில் உதவலாம் என்ற விலக்குகூடப் பள்ளி நேரம் போக மீதி நேரத்துக்குத்தான். பெற்றோரை மிரட்ட வேண்டாம், வழி காட்டுங்கள்.

வேறெங்காவது இதைச் சரியாகச் செய்திருக்கிறார்களா?
- கல்லூரி மாணவி, திருப்பூர்

பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். எர்ணாகுளம் மாவட்ட நிர்வாகம் வெளிமாநிலப் பிள்ளைகளுக்காக 2017இல் ரோஷ்ணி திட்டத்தைத் தொடங்கியது. பிள்ளைகளின் மொழி தெரிந்த தன்னார்வலர்கள், பள்ளி மணி அடிக்கும் முன்பே வந்து, தாய்மொழி வழியாக மலையாளம் சொல்லிக்கொடுத்தார்கள். காலை உணவும் கொடுத்தார்கள். கனடாவின் ஒன்டாரியோவில், குடியேறிய குடும்பங்களுக்கு உதவ என்றே பள்ளிக்குள் பணியாளர்களை வைத்திருக்கிறார்கள். டொரன்டோவில் போய் இறங்கிய எத்தனையோ ஈழத்துத் தாய்மார் ஆங்கிலம் தெரியாமல்தான் பள்ளி வாசலில் நின்றார்கள். நம்மவர்க்கு அங்கே கிடைக்க வேண்டும் என்று நாம் விரும்பியதை, இங்கே வந்தவர்க்கு நாம் கொடுப்போம்.

வெளியூர்க்காரர்களுக்கு இவ்வளவு செய்ய வேண்டுமா?
- வாசகர், புளியம்பட்டி சாலை

திருப்பூரே வெளியூர்க்காரர்கள் வந்து வளர்த்த ஊர். முன்பு மதுரை, தேனி, திண்டுக்கல்லிலிருந்து பஸ் ஏறி வந்தார்கள். இன்று தன்பாத் எக்ஸ்பிரஸில் வந்து இறங்குகிறார்கள். உழைப்பை வாங்கிக்கொண்டு பிள்ளையை வேண்டாம் என்பது அறம் ஆகாது. இன்னொன்றும் நினைவிருக்கட்டும். 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் வடமாநிலத்தவரைத் தாக்குகிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவின. பயந்துபோனவர்களுக்காகத் திருப்பூர்ப் போலீஸ் உதவி எண்களை அறிவிக்க வேண்டியிருந்தது. பிள்ளையின் டீச்சருக்கு ஒரு போன் போட்டுக் கேட்கும் உறவு இருந்திருந்தால், ஒரு குடும்பம் வதந்தியை நம்பி மூட்டை கட்டியிருக்குமா?

ஒரே ஒரு வேலை சொல்லுங்கள். நாளைக்கே செய்கிறேன்.
- புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியை, சேவூர்

நாளைக் காலை எட்டு மணிக்குப் பள்ளி வாசலில் நில்லுங்கள். பிள்ளையை விட்டுவிட்டுக் கம்பெனி வேனுக்கு ஓடும் தாயின் பெயரைக் கேளுங்கள். உங்கள் பெயரையும் போன் நம்பரையும் கொடுத்து, பிள்ளை செய்த நல்ல காரியம் ஒன்றைச் சொல்லி அனுப்புங்கள். பிள்ளையைச் சேர்ப்பது சட்டத்தின் வேலை, பெற்றோரைச் சேர்த்துக்கொள்வது நம் வேலை.