வாஷிங்டன் வள்ளல்கள் வாழ்க!

முல்லைக்குத் தேர் ஈந்த பாரி பெரிய அவசரக்காரன். கொடி தவிப்பதைக் கண்டதும் தேரை விட்டுவிட்டு நடந்தான். கொடைக்குத் தவணை குறிக்கும் நாகரிகம் அவன் அறியாதது. அந்நாகரிகத்தை உலகுக்குக் கற்பித்த பெருமை, முதல் உலகப் போருக்குப் பின் வாஷிங்டனில் வீற்றிருந்த பெருந்தகைகளுக்கே உரியது.

போரில் கழிந்த நாட்களுக்கு ஈடாக, உள்நாட்டில் பணி செய்தவருக்கு நாளொன்றுக்கு ஒரு டாலர், கடல் கடந்தவருக்கு ஒன்றேகால் டாலர் என்று 1924இல் சட்டம் வந்தது. காசு பட்டால் நாட்டுப்பற்றின் தூய்மை கெடுமே என்று திருவுள்ளம் நைந்த அதிபர் கூலிட்ஜ் பெருமான் அதை மறுத்தருளினார். காங்கிரஸ் அவரையும் மீறி நிறைவேற்றியது. ஆயினும் வள்ளன்மைக்கு ஒரு குறையும் நேரவில்லை. ஐம்பது டாலருக்கு மேல் பாக்கி உள்ளவர்களுக்கு எழில்மிகு சான்றிதழ் ஒன்று கிடைத்தது, பணம் 1945இல்! முந்தி வேண்டுவோர் இறந்தால் போதும், வாரிசுக்குக் கிடைத்துவிடும். சாவையே சலுகையாக்கிய இந்த நுண்மதியைப் போற்றித்தான் மக்கள் இதற்குக் ‘கல்லறை போனஸ்’ என்று பெயர் சூட்டினார்கள். 1931இல் கருணை மேலும் பெருகிற்று. வீரர்கள் தங்களுக்கு வரவேண்டிய தொகையில் பாதியைத் தாங்களே கடனாகப் பெற்று, அதற்கு நாலரை விழுக்காடு வட்டியும் செலுத்தும் பேறு பெற்றார்கள்.

1932இல், பெருமந்தத்தில் வேலை இழந்த ஆயிரக்கணக்கான வீரர்கள் மனைவி மக்களோடு தலைநகருக்கு வந்து, அனகோஸ்தியா ஆற்றங்கரைச் சேற்றில் குடிசை போட்டுத் தங்கினார்கள். உடனே பணம் தரும் மசோதாவை மேலவைச் சான்றோர் ஜூன் 17 அன்று 62க்கு 18 என்ற வாக்கில் தோற்கடித்தார்கள். வெறுங்கையோடு அனுப்ப மனம் வருமா? ஊர் திரும்பும் ரயில் செலவுக்கு ஒரு லட்சம் டாலர் ஒதுக்கினார்கள். அதையும் அவரவர் சான்றிதழ்த் தொகையில் கழித்துக்கொள்ளும் கண்ணியத்தோடு ஒதுக்கினார்கள்.

அப்போதும் போகாதவர்களுக்கு ஜூலை 28 அன்று உண்மையான அவசர உதவி வந்து சேர்ந்தது. காவலரின் தோட்டாக்கள் இரண்டு வீரர்களின் பசியை நிரந்தரமாகத் தீர்த்தன. மாலையில் தளபதி மெக்ஆர்தர் பதக்கங்கள் மின்ன எழுந்தருளினார். உருவிய வாளோடு குதிரைப்படையும், பின்னே டாங்கிகளும் வந்தன. பிரான்சில் நச்சுப்புகை சுவாசித்தவர்களுக்கு அந்நினைவு மங்கலாகாது என்று, இங்கே கண்ணீர்ப்புகையைக் குழந்தை குட்டிகளோடு பகிர்ந்துண்ணக் கொடுத்தார்கள். ஆற்றைக் கடக்க வேண்டாமென்று அதிபர் ஹூவர் அனுப்பிய ஆணையும் தளபதியின் கடமை வேகத்துக்கு அணை போடவில்லை. குடிசைகள் இரவு முழுதும் ஒளிவீசி எரிந்தன. பணம் வர இருபத்தொரு ஆண்டு, படை வர ஒரே பிற்பகல்! எதற்கு விரைய வேண்டும், எதற்கு விரையலாகாது என்று இவ்வளவு தெளிவாக அறிந்த அரசு வேறெங்கே உண்டு?

இந்தத் திருப்பணியை 1936இல் காங்கிரஸ் கெடுத்துவிட்டதே என்பதுதான் வருத்தம். ரூஸ்வெல்ட் பெருமானும் முறைப்படி மறுத்தருளி மரபைக் காத்தார்; அவரையும் மீறி, ஒன்பது ஆண்டுகள் முன்னதாகவே கணக்கைத் தீர்த்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் எத்தனை பேரின் கணக்கைக் காலமே தீர்த்து வைத்திருக்கும்! உயிரோடு இருக்கும் வீரன் கையில் அவன் காசையே கொடுக்கும் இந்தக் கெட்ட வழக்கம் எந்த நாட்டுக் கருவூலத்தையும் அண்டாதிருக்கட்டும்.