ஆறு வித்தியாசம்

கேள்வி: குரோம், சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ் எல்லாவற்றிலும் வலைப்பக்கம் சரியாகத் தெரிகிறதா என்று தானியங்கிச் சோதனையே பார்த்துவிடுகிறதாமே, அப்புறம் மனிதர் எதற்கு?

பதில்: பத்திரிகைகளில் ‘ஆறு வித்தியாசம்’ போடுவார்களே, அந்த வேலைதான். நமக்கு ஆறு, இயந்திரத்துக்கு ஆறாயிரம். ஒரே எழுத்தின் விளிம்பை ஒவ்வொரு பிரவுசரும் ஒவ்வொரு விதமாக மழுப்பி வரையும். புள்ளிக்குப் புள்ளி ஒப்பிட்டால் பக்கம் முழுக்கக் குற்றம். அதனால்தான் பிரவுசர்காரர்களின் பொதுச் சோதனைத் தொகுப்பில் ஒரே தோற்றத்தை இரண்டு விதமாக எழுதி, இரண்டையும் அதே பிரவுசரிடம் கொடுத்து, படங்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிறார்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாத பெற்றோர் மாதிரி! ‘சிறு வித்தியாசத்தை மன்னித்துவிடு’ என்று சொல்லிவைத்தால் போதாதா என்பீர்கள். சொல்லலாம். ஆனால் 99.50 ரூபாயில் அந்தக் குட்டிப் புள்ளி மறைந்தால் திரையில் மாறுவது துளியளவுதான். இயந்திரம் மன்னித்துவிடும், 9950 கட்டச் சொன்னால் வாடிக்கையாளர் மன்னிப்பாரா? அதற்காக ஆயிரம் பக்கத்தையும் கண்ணால் பார்ப்பதும் நடக்காது. இயந்திரம் சலிக்கட்டும், மிஞ்சியதை மனிதர் பார்க்கட்டும். இன்னொன்று: 2020 முதல் எட்ஜ் பிரவுசரும் குரோமும் ஓடுவது குரோமியம் என்ற ஒரே அடித்தளத்தில். இரண்டிலும் தேறிவிட்டது என்று மார்தட்டுவது, ஒரே சாட்சியைச் சட்டை மாற்றி மறுபடி கூண்டில் ஏற்றுவதுதான். சஃபாரியையும் கூப்பிட்டு விசாரியுங்கள்.