நிஷேதமூர்த்தி

பழைய மகாபலிபுரம் சாலையில் படூரைத் தாண்டி, வண்டலூர்ச் சாலை வந்து கூடுகிற கேளம்பாக்கம் சந்திப்பைச் சுற்றிலும் மாடிமேல் மாடியாக எழும்பி நிற்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில், மாடிக்கு ஒருவர் வீதமாவது குறையாமல் வாசம் செய்கிற ஒரு மனித வர்க்கத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுத வேண்டும் என்று வெகு காலமாக எனக்கு ஓர் அபிலாஷை உண்டு. இவர்கள் பெரும்பாலும் சிறுசேரியில் கணினிக் கம்பெனி உத்தியோகஸ்தர்கள். வயது முப்பத்தைந்துக்குச் சற்று முன்பின்னாக இருக்கும். மூன்று வயதில் ஒரு குழந்தை இருக்கும். அந்தக் குழந்தை எதையெதைத் தின்னக் கூடாது என்பதற்கு ஒரு ஜாபிதாவும் இருக்கும். எதைத் தின்னலாம் என்பதற்கு ஜாபிதா உண்டோ என்று விசாரித்தால், அது தயாராகிக்கொண்டிருப்பதாகச் சொல்வார்கள். இந்த வர்க்கத்துக்குப் பிரதிநிதியாக ஒருவரைத் தேர்ந்து, அவருக்கு நிஷேதமூர்த்தி என்று நாமகரணம் செய்துவிட்டு மேலே செல்கிறேன்.

அவரைக் கண்டுகொள்வதில் சிரமம் ஒன்றுமில்லை. சனிக்கிழமை மாலையில் சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைந்தீர்களானால், பிஸ்கட் அலமாரிக்கு எதிரே தள்ளுவண்டியைக் குறுக்காக நிறுத்திவிட்டு, ஒரு பாக்கெட்டைக் குப்புறத் திருப்பி, அதன் முதுகில் எறும்பும் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க வேண்டிய எழுத்தில் அச்சாகியிருக்கும் சேர்மானங்களை உதடு அசைய வாசித்துக்கொண்டிருப்பவர் அவரே. "மால்டோடெக்ஸ்ட்ரின்" என்று சொல்லி ஒரு பெருமூச்சு விடுவார், பிறகு பக்கத்தில் நிற்கிற, முன்பின் அறிமுகமில்லாத மனிதரிடம், "பாத்தீங்களா சார், உள்ள என்னென்ன சேர்க்கிறான்னு!" என்று நியாயம் கேட்பார். இந்த விசாரணை முடிவதற்குள் தள்ளுவண்டியில் வீற்றிருக்கும் சிரஞ்சீவி வேறொரு பாக்கெட்டின் மூலையைப் பல்லால் திறந்திருப்பான். திறந்த பாக்கெட்டுக்குப் பணம் கட்டியாக வேண்டும் என்பது கடைச் சட்டம். பணம் கட்டிய பண்டத்தை வீணாக்கக் கூடாது என்பது குடும்பச் சட்டம். இப்படியாக, நிஷேதமூர்த்தி எதை நிராகரித்தாலும் ஏதாவது ஒன்று வீடு வந்து சேர்ந்துவிடுகிறது.

இவ்வளவும் எங்கிருந்து தொடங்கிற்று என்றால், குழந்தை வைத்தியர் ஒருவர் இரண்டு நிமிஷம் பேசிய பேச்சிலிருந்து. அவர் சொன்னது மிகவும் சுருக்கம்: ஒரு வயது நிறையும்வரை தேன் தொட்டு வைக்காதீர்கள், அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து பச்சைக் குடலில் முளைத்து நரம்பைத் தளர்த்திவிடும், இரண்டு வயதுவரை சர்க்கரை சேர்க்காதீர்கள், ஐந்து வயதுவரை காபி, டீ வேண்டாம், கலர் சோடாவும் பாக்கெட் நொறுக்கும் கூடுமானவரை வேண்டாம், பழச்சாறு கொடுத்தே தீருவதென்றால் நாளைக்கு 125 மில்லிலிட்டருக்கு மேல் போகாமல் கொடுங்கள், அதைவிடப் பழத்தையே கொடுங்கள். தேனையும் சர்க்கரையையும் பற்றியது உலகமெங்கும் குழந்தை வைத்தியர்கள் சொல்வது. மற்றவை இந்தியக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2019-ல் வெளியிட்ட யோசனைகளிலும் உள்ளவை. உள்ளங்கையில் எழுதிக்கொள்ளலாம், ஒருவன் ஆயுள் பரியந்தம் மறக்க மாட்டான். ஆனால் நிஷேதமூர்த்திக்கு உள்ளங்கை போதவில்லை. குன்னூரில் 1918-ல் ஓர் அறையில் ஆரம்பித்து, 1958-ல் ஹைதராபாதுக்குக் குடிபெயர்ந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 2024-ல் ஜனங்களுக்காக வெளியிட்ட உணவு வழிகாட்டியைத் தருவித்து, அதில் "தவிர்க்கவும்" என்கிற பொருள்பட வரும் வாக்கியங்களுக்கு மட்டும் மஞ்சள் மை பூசி, பருப்பும் கீரையும் முட்டையும் பாலும் கொடுங்கள் என்று பரிவோடு சொல்லும் பக்கங்களைத் தீண்டாமல் விட்டார். பிறகு சிநேகிதர்கள் அனுப்பிய வீடியோக்களிலிருந்து சில்லறையாகச் சேர்த்துக்கொண்டார். முடிவில் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டப்பட்ட பிரகடனத்தில், குளிர்பானத்துக்கும் வாழைப்பழத்துக்கும் ஒரே தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. வாழைப்பழம் செய்த குற்றம் இனிப்பாக இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் கோவில்பட்டியிலிருந்து அவருடைய தாயார் நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து தாம்பரத்தில் இறங்கினார். வண்டலூர், மாம்பாக்கம், புதுப்பாக்கம் வழியாக வந்த காரில் அம்மாளுக்கு ஓர் ஆசனமும், சாத்தூர்க் காராச்சேவுக்கும் கருப்பட்டிக்கும் கடலை மிட்டாய்க்குமாக மற்றோர் ஆசனமும் வேண்டியிருந்தன. வந்த அன்று மாலையே பிரகடனத்தை மகன் வாசித்துக் காட்ட, ஆச்சி முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இது ஒன்றும் புதிதில்லை, தம்மிடமும் ஒன்று உண்டு என்றார். அது எழுதப்படாத சாஸனம்; ஆனால் தலைமுறைகளாக அமலில் இருப்பது. கொய்யாப்பழம் சளி, ஆரஞ்சு இருமல், தயிர் பொழுது சாய்ந்தபின் கூடாது, பலாச்சுளை மாந்தம், பனிப்பெட்டியைத் திறந்து முகத்தில் காற்றுப் பட்டாலே ஜலதோஷம், இனிப்பு தின்றால் வயிற்றில் பூச்சி. கடைசி ஷரத்து தம் கையால் செய்யாத இனிப்புகளுக்கு மட்டுமே பொருந்தும் என்பது பின்னால் அனுபவத்தில் தெரியவந்தது. கொய்யாவின்மேல் நம் பாட்டிமார்களுக்கு ஏன் இந்தத் தீராத க்ரோதம் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆரஞ்சைவிட அதிகமாக வைட்டமின் ‘சி’யைச் சுமந்துகொண்டு, மலிவாகத் தெருமுனைக்கு வந்து நிற்கிற அந்த ஏழைப் பழத்துக்கு இரண்டு கட்சியிலும் வக்கீல் இல்லை.

இரு சாஸனங்களும் ஏககாலத்தில் அமலுக்கு வந்தபோது குழந்தைக்கு மிஞ்சியது இட்லி. தேங்காய்ச் சட்னிக்கு மகனும் காரச் சட்னிக்குத் தாயும் ஆக்ஷேபணை எழுப்பியதால், அது வெறும் இட்லியாயிற்று. குழந்தையின் தாயார் இரண்டு ஜாபிதாவிலும் கையொப்பமிடாமல், ஆபீசுக்குப் புறப்படும் அவசரத்தில், நெய் தடவிய பருப்புச் சாதத்தை நாலு வாய் ஊட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். அந்த வீட்டில் சட்டம் இயற்றாத ஒரே நபர் அவர். குழந்தை சற்றேனும் எடை ஏறியதற்குக் காரணமும் அவரே.

தடையுத்தரவு பிறந்த மறுநாளே விதிவிலக்கும் பிறந்துவிட்டது. திருப்போரூர் முருகன் சந்நிதியில் கையில் விழுகிற பிரசாதத்தை வேண்டாமென்று மறுக்கும் தைரியம் நிஷேதமூர்த்திக்கு இல்லை. ஆகவே பிரசாத விலக்கு. முடி வெட்டிக்கொள்ளக் குச்சி மிட்டாய் இல்லாமல் குழந்தை நாற்காலியில் உட்காராது. ஆகவே க்ஷவர விலக்கு. விருந்தாளி வாங்கிவந்த சாக்லேட்டை அவர் எதிரிலேயே பிடுங்கினால் மரியாதை அல்ல. ஆகவே அதிதி விலக்கு. எல்லாவற்றையும்விட விஸ்தீரணமானது கூட்ட விலக்கு. வீட்டிலிருந்தே உத்தியோகம் பார்க்கும் நாட்களில், சீமையில் இருக்கும் மேலதிகாரியோடு வீடியோவில் அவர் சம்பாஷித்துக்கொண்டிருக்கும்போது குழந்தை அலறுமானால், ஒரு கை கேமராவுக்கு வெளியே நீண்டு, எந்த டப்பா என்றுகூடப் பாராமல் திறந்து, எதையாவது எடுத்துக் கொடுக்கும். அந்தக் கைக்கும் கதவில் ஒட்டிய காகிதத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. கூட்டம் தொடங்கும் நேரத்தைக் கடிகாரம் பார்க்கத் தெரியாத அந்தக் குழந்தை எப்படியோ தெரிந்துவைத்திருந்தது.

இவற்றுக்கெல்லாம் மேலாகப் பழுப்பு நிறத்துக்கு அவர் ஒரு பொது மன்னிப்பு வழங்கியிருந்தார். வெள்ளைச் சர்க்கரை விஷம்; நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் ஆகிய மூன்றும் இயற்கை. உலக சுகாதார ஸ்தாபனம் 2015-ல், ஒரு நாள் ஆகாரத்தின் சக்தியில் சேர்க்கப்பட்ட சர்க்கரையின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் கீழே இருக்க வேண்டும், இருபதில் ஒன்றுக்கும் கீழே இருந்தால் உத்தமம் என்று சொன்னபோது, தேனையும் பழச்சாற்றையும் பெயர் சொல்லியே அந்தக் கணக்கில் சேர்த்திருக்கிறது என்று நான் மெதுவாகப் பிரஸ்தாபித்தேன். அவர் என்னை ஒரு சர்க்கரை ஆலையின் ஏஜெண்டைப் பார்ப்பதுபோல் பார்த்தார். உப்பிலும் அவருக்கு இதே வர்ணபேதம்தான். கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகும் சாலையின் ஓரத்தில் உப்பளங்கள் பாத்தி பாத்தியாக விரிந்து கிடக்கின்றன. ஞாயிறுதோறும் குடும்பத்தோடு அவற்றைக் கடந்து கடற்கரைக்குப் போகிறவர், இமயமலையிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் ரோஜா நிற உப்பைக் காற்புட்டி நானூறு ரூபாய்க்குத் தபாலில் தருவிக்கிறார். நம் மளிகைக் கடைப் பொட்டலத்து உப்பில் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய அயோடினைச் சேர்த்தே விற்க வேண்டும் என்று சட்டம் இருப்பது, பொட்டலத்தின் முதுகிலேயே எழுதியிருந்தும் அவர் கண்ணில் படவில்லை. வெள்ளைப் பொருளின் முதுகை அவர் படிப்பதில்லை.

அவருடைய வாழ்க்கையில் பரமானந்தமான ஆண்டு 2024. அந்த வருஷம் பிப்ரவரி 17-ஆம் தேதி, ரோடமின்-பி என்னும் துணிச் சாயம் கலந்திருப்பது பரிசோதனையில் தெரிந்து, தமிழ்நாட்டு அரசாங்கம் பஞ்சு மிட்டாய்க்குத் தடை விதித்தது. கோவளம் கடற்கரையில் குழந்தையோடு வாரந்தோறும் நடத்திய யுத்தத்தில் சர்க்காரே தமக்குத் துணைக்கு வந்துவிட்டதாக அவர் பூரித்துப்போனார். ஏப்ரலில், மத்திய வர்த்தக அமைச்சகம் இணையக் கடைகளுக்கு ஒரு தாக்கீது அனுப்பி, பாலில் கலக்கும் மால்ட் பொடி முதலானவற்றை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற தலைப்பின்கீழ் விற்கக் கூடாது என்றது. அப்படி ஒரு வகையே உணவுச் சட்டத்தில் கிடையாதாம். இந்தச் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சமையலறைக்குள் பிரவேசித்தார்.

"அம்மா, இனிமே அதுக்கு ஹெல்த் டிரிங்க்னு பேரே கிடையாது. கவர்மெண்டே எடுத்துட்டாங்க."

"ஏய்யா, இதக் குடிச்சுத்தான நீ வளந்த?"

"அதனாலதாம்மா சொல்றேன்."

"பேர எடுத்தா எடுத்துட்டுப் போறான். டப்பாவ எடுக்கலேல்லா?" என்று சொல்லி ஆச்சி இரண்டு கரண்டி போட்டு ஆற்றினார்.

நான் நிஷேதத்துக்கு விரோதி அல்லன். இனிப்பைச் சிறு வயதில் பழக்காமலிருப்பதால் விளையும் நன்மை வெறும் வாய்ச்சொல் அல்ல. யுத்தகாலத்து இங்கிலாந்தில் சர்க்கரைக்குப் போட்டிருந்த பங்கீடு 1953-ல் நீங்கிற்று. அதற்குச் சற்று முன்னும் பின்னும் பிறந்தவர்களை அவர்கள் கிழவர்களான பிறகு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், கருவிலும் முதலிரண்டு வயதிலும் சர்க்கரை குறைவாகக் கிடைத்தவர்களுக்கு நீரிழிவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்ததாக 2024-ல் எழுதியிருக்கிறார்கள். என் வருத்தமெல்லாம், அறுபது விஷயங்களை விலக்கிய அந்த ஜாபிதாவில், விலக்கியே ஆக வேண்டிய ஒன்று இல்லாமற் போயிற்றே என்பதுதான். சளிக்காகக் குழந்தையை வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போனபோது அதன் கையில் ஒரு கடலை மிட்டாய் இருந்தது. வெல்லத்தால் ஆனது, பழுப்பு நிறம், 2020-ல் புவிசார் குறியீடும் பெற்றது. ஆகவே எல்லா வகையிலும் அனுமதிக்கப்பட்டது. வைத்தியர் ஒரு வார்த்தையும் பேசாமல் முதலில் அதை வாங்கி மேஜைமேல் வைத்தார். நாலைந்து வயது ஆகிறவரையில் முழுக் கடலை, பாப்கார்ன், நறுக்காத திராட்சை இவை கூடாது. சிரிக்கும்போதோ ஓடும்போதோ மூச்சுக் குழலில் இறங்கி அடைத்துக்கொள்ளும். கடலை நல்ல வஸ்து, ஆனால் பொடித்துக் கொடுங்கள் என்றார். திரும்பி வரும்போது நிஷேதமூர்த்தி காரில் மௌனமாக இருந்தார். அன்றிரவு ஜாபிதாவில் அறுபத்தொன்றாவது ஷரத்து ஏறிற்று. மறுநாள் குழந்தையின் தாயார் மேலே உள்ள ஐம்பது சொச்சத்தைப் பேனாவால் கோடிழுத்து அடித்துவிட்டு, காந்தத்தை மறுபடி வைத்தார். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இந்த வியாதிக்கு நிச்சயமான மருந்து ஒன்று உண்டு. அது இரண்டாவது குழந்தை. முதல் குழந்தை கீழே போட்ட பிஸ்கட்டைக் குப்பையில் எறிந்து தரையையும் கழுவிய அதே தகப்பனார், இரண்டாவது வந்தபின் அதை ஊதிவிட்டுக் கொடுப்பதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். நிஷேதமூர்த்திக்கும் இரண்டாண்டு கழித்து ஒரு பெண் பிறந்தது. பிரசவ ஆஸ்பத்திரிக்கு ஆச்சி வரும்போது முந்தானையில் ஒரு சிறு புட்டி இருந்தது. பிறந்த சிசுவுக்குக் குலத்தில் மூத்தவர் சேனை வைக்க வேண்டும், அவருடைய குணம் அதற்கு வரும் என்பது தென் சீமை வழக்கம். விரலைத் தேனில் தொட்டுத் தொட்டிலண்டை அவர் குனிந்த நேரத்தில் நிஷேதமூர்த்தி வாசலில் நின்று பில் தொகையைக் கூட்டிக்கொண்டிருந்தார். தடுத்தவன் ஐந்து வயதாகிவிட்ட மூத்தவன்.

"ஆச்சி, ஒரு வயசு ஆகாத பாப்பாவுக்குத் தேன் குடுக்கக் கூடாது."

ஆச்சி நிமிர்ந்து, விரலைப் பார்த்தார், பேரனைப் பார்த்தார்.

"சரி, ஒனக்கு எத்தன வயசு?"

"அஞ்சு."

"அப்ப நீ வாயத் தெற."