ரூல்ஸ் அண்ணன்

அம்பாங்கான் பக்கத் தாமான்களில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் எந்த வீட்டுப் போர்ச்சில் கேரம் போர்டைப் போட்டாலும் அங்கே ஒரு ரூல்ஸ் அண்ணன் வந்து சேருவார். நாம் முகத்துக்குப் பூசும் பவுடரைப் போர்டில் கொட்டும்போதே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். "போரிக் பவுடர்தான் போடணும். இது செல்லாது" என்பார். போரிக் பவுடர் அவரிடமும் இருக்காது. சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு போட்டோஸ்டேட் தாள்தான் இருக்கும்.

அந்தத் தாளுக்கு மூலம் சென்னை. அனைத்துலகக் கேரம் சம்மேளனம் 1988-ல் அங்கேதான் தொடங்கப்பட்டது. அதுவரை தோட்டத்தில் லயத்துக்கு ஒரு சட்டம். மேட்டு லயத்தில் கட்டை விரலால் அடித்தால் அழுகுணி. பள்ளத்து லயத்தில் அதே அடிக்குக் கைதட்டல். சிவப்புக் காய்க்கு ஓரிடத்தில் ஐம்பது, இன்னோரிடத்தில் ஐந்து. பால்மரங்களைச் சாய்த்து வீடு கட்டியபோது, பாய் தலையணையோடு ஆளுக்கொரு சட்டமும் தாமானுக்குக் குடிவந்தது. அண்ணனுக்கு வேலை பிறந்தது அப்போதுதான்.

கொடுமை என்னவென்றால், அவர் சொல்வது பெரும்பாலும் சரி. ஸ்ட்ரைக்கர் 15 கிராமைத் தாண்டக் கூடாது, நாற்காலியை நகர்த்தக் கூடாது, கட்டை விரலால் தாராளமாக அடிக்கலாம்: எல்லாம் உள்ளதுதான். "தே தாரிக்குக்கு ஆடுற ஆட்டத்துக்கு இதெல்லாம் எதுக்குண்ணே?" என்று கேட்டால், 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைக்குப் போய்விடுவார். "அந்தச் சென்னைப் புள்ள காசிமா மூணு தங்கம் வாங்குச்சே, ரூல்ஸ் தெரியாமலா?"

நம்மிடம் 22 பாயிண்ட் இருக்கிறது. ரெட்டைப் போட்டு ஃபாலோவும் போட்டு, கடைசி வெள்ளையையும் இறக்கியாயிற்று. போர்டில் அண்ணனின் கறுப்பு ஒன்றுதான் பாக்கி. ஒன்றும் மூன்றும் நாலு. மொத்தம் 26, ஆட்டம் நமதே என்று கையைத் தட்டிப் பவுடரை உதறும்போது தாள் வெளியே வரும். மடிப்பில் கிழிந்து செலோடேப் ஒட்டிய இடத்தில் விரலை வைப்பார். 22-ஐத் தொட்டவனுக்கு ரெட்டுக்கான மூன்று பாயிண்ட் கிடையாது. நமக்கு 23-தான். வாயடைத்துப் போகும். ஏனென்றால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

அடுத்த வாரம் அண்ணனிடம் 22. ரெட்டும் அவரிடமே.

"மூணு கிடையாதேண்ணே?"

"அது பழைய ரூல்ஸ்லா. மாத்திட்டாங்க."

"எப்போ?"

"போன மாசம்."

தாள் அன்றைக்குத் துவைக்கப் போட்ட சட்டையில் இருக்கும்.

இப்படிப்பட்டவருக்குக் கோலாலம்பூரில் வேலை செய்யும் மகன் வாய்த்தான் பாருங்கள், அவன் ஆடுவது 'எக்ஸ்-விங்'. உள்ளங்கையில் அடங்கும் விண்கலங்களை மேசையில் நகர்த்திச் சண்டை போடும் ஆட்டம். 2012-ல் வந்தது. 2018-ல் இரண்டாம் பதிப்பு என்றார்கள். பழைய கலங்களை அதில் ஓட்டப் புது அட்டைகள் அடங்கிய பெட்டியைத் தனியாக வாங்க வேண்டியிருந்தது. கலங்களுக்கான பாயிண்டும் அவ்வப்போது ஏறி இறங்கும். மகன் நொந்துகொண்டு சொன்னான். அண்ணன் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "மாத்துறதுக்குன்னே அங்க ஆளுங்க இருக்காங்களா?"

2024-ல் இனிப் புதிதாக எதுவும் வராது என்று கம்பெனி அறிவித்துவிட்டது. ஆடுகிற ரசிகர்களே கூடி விதிகளைத் திருத்தி இன்னமும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். மகன் இதை அப்பாவிடம் சொல்லியிருக்கக் கூடாது.

போன சனிக்கிழமை அண்ணனின் முழங்கை கோட்டைத் தாண்டியது. நாலு பேரும் பார்த்தோம், நாலு பேரும் கத்தினோம். அண்ணன் அசையவில்லை.

"ஆடுறவங்க கூடி அந்த ரூல்ஸ எடுத்தாச்சு."

"யாருண்ணே கூடுனது? நாங்க நாலு பேரும் இங்கதானே இருக்கோம்?"

"ஒங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியாச்சு," என்று சொல்லி ஸ்ட்ரைக்கரை வைத்தார்.