தழும்பில்லாத தோல் ரெக்சின், ஐயா

அனுப்புநர்:
தோல் தரம் பிரிப்பவன்,
பாலாற்றங்கரை, வாணியம்பாடி,
திருப்பத்தூர் மாவட்டம்.

பெறுநர்:
கணவன் மனைவி விசாக்களைத் தீர்மானிக்கும் உயர்திரு அதிகாரி அவர்கள்,
பிரித்தானிய உள்துறை.

பொருள்: என் பெண்டாட்டியோடு குடித்தனம் நடத்த அனுமதி கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர்,

நான் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் இடத்தில், வேலை செய்கிறவன். டிரம்மிலிருந்து ஈரமும் நீலமுமாக இறங்கும் வெட் ப்ளூ தோலை மேசைமேல் விரித்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, இது முதல் தரம், இது மூன்றாம் தரம், இது தேறாது என்று ஒதுக்கிப் போடுவது என் பிழைப்பு. பதினைந்து வருஷமாகச் செய்கிறேன். நீங்களும் அதே வேலைதான் பார்க்கிறீர்கள் என்று தெரிந்ததும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. எனக்குத் தோல், உங்களுக்குக் கல்யாணம். ஒரே தொழில்காரர்கள் என்ற உரிமையில் விண்ணப்பத்தோடு இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன். சொல்ல வேண்டியதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

என் மனைவி நார்த்தாம்ப்டனில் நர்ஸ். 2019இல் போனாள். ஐந்து வருஷம் உங்கள் ஜனங்களுக்கு ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, 2024இல் நிரந்தரமாகத் தங்கும் உரிமை வாங்கினாள். 2025 தை மாதம் எங்களுக்குக் கல்யாணம். இருபத்தெட்டு நாள் லீவில் வந்தாள். அதில் பத்திரிகை வைக்க, ஜவுளி எடுக்க, விருந்துக்குப் போக என்று கழிந்தது போக நாங்கள் ஒரு கூரையின்கீழ் இருந்தது பத்தொன்பது நாள்.

நார்த்தாம்ப்டன் எங்களுக்கு அந்நிய ஊர் இல்லை. அது செருப்புத் தைத்து வளர்ந்த ஊர். அங்கே உள்ள கால்பந்து அணிக்கே பட்டப்பெயர் 'காப்ளர்ஸ்', அதாவது செருப்புத் தைப்பவர்கள். எங்கள் ஊரில் ஒருத்தனை அப்படிக் கூப்பிட்டால் போலீஸ் கேஸ் ஆகும். அங்கே ஸ்டேடியம் முழுக்கப் பெருமையாகக் கத்துகிறார்களாம். முதல் உலகப் போரின்போது சென்னை மாகாணத்தில் பட்டை போட்டுப் பதனிட்ட மாட்டுத் தோலை உங்கள் போர்த்துறையே வாங்கிக்கொண்டது. சிப்பாய்களின் பூட்ஸுக்கு மேல்தோல் அதில்தான் ஆனது. ஆவாரம் பட்டையில் ஊறிய அந்தத் தோல் கப்பல் ஏறியபோது, 'நார்த்தாம்ப்டனில் உனக்கு யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு மாதம் என்ன சம்பளம்' என்று நீங்கள் கேட்டதாகத் தகவல் இல்லை.

போகட்டும். மாட்டுத் தோல் வேறு, மனுசத் தோல் வேறு. படிவத்துக்கு வருகிறேன்.

'நீங்கள் இருவரும் முதன்முதலில் எப்போது சந்தித்தீர்கள்?' என்று கேட்டிருக்கிறீர்கள். அவள் பிறந்த மூன்றாம் நாள். எனக்கு அப்போது நாலு வயசு. அவள் என் அத்தை மகள். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து என் மடியில் போட்டு, 'டேய், இன்னாடா பாக்கற, உன் பொண்டாட்டிடா' என்று பாட்டி சொன்னாளாம். நான் அழுதேனாம். அடுத்த கேள்வி, 'உறவு எப்போது தொடங்கியது?' ஐயா, உறவு எங்கள் தாத்தா காலத்தில் தொடங்கியது. உங்கள் கட்டத்தில் தேதி, மாதம், வருஷம் மட்டும்தான் எழுத முடிகிறது.

பெயரிலும் ஒரு சிக்கல். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் என் அப்பா உட்கார்ந்திருக்கிறார். அவள் கட்டத்தில் அவள் அப்பா. ஒரே குடும்பத்தில் இரண்டு குடும்பப் பெயர். எங்களிடம் இருப்பது இனிஷியல்தான், அதுவும் ஓர் எழுத்து, மேலே ஒரு புள்ளி. இதை விளக்கி நோட்டரி ஒருவரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். அவருக்கும் இனிஷியல்தான்.

உங்கள் விதியில் ஒரு வாசகம் இருக்கிறது: உறவு உண்மையானதாகவும் தொடர்ந்து நிலவுவதாகவும் இருக்க வேண்டும். நல்ல வாசகம். எங்கள் கல்யாண மண்டப வாசலில் எழுதி மாட்டலாம். ஆனால் அதற்குச் சாட்சியாகக் கேட்பதைத்தான் எங்கள் வீட்டில் தேடித் தேடி அலுத்துப்போனோம். சேர்ந்து எடுத்த படங்கள்? ஆல்பம் இருக்கிறது, நாலு கிலோ. ஒரு படத்தில்கூட நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. இருவரும் போட்டோகிராபரையே பார்க்கிறோம், அவர் பார்க்கச் சொன்னதால். நடுவே ஒரு படத்தில் அவள் சிரிக்கிறாள். விசாரித்தால், என் சித்தப்பா வேட்டி தடுக்கி விழப்போன சமயம் அது.

சரி, எழுதிக்கொண்டது? வாட்ஸ்அப் உரையாடலை அச்செடுக்கச் சொன்னேன். கடைக்காரர் பாதியில் நிறுத்திவிட்டு, 'தம்பி, ஒண்ணேதான் திரும்பத் திரும்ப வருது, மெஷின் ரிப்பேரா பாரு' என்றார். மெஷினில் ஒன்றுமில்லை. 'சாப்டியா.' 'ம்.' 'நீங்க?' 'ஆச்சு.' 'இன்னா கொழம்பு?' 'காரக் கொழம்பு.' 'தூங்குங்க.' எட்டு மாதம் இதுதான் ஓடியிருக்கிறது. இதில் காதல் எங்கே என்று நீங்கள் தேடுவீர்கள். அந்த 'சாப்டியா'வில்தான் இருக்கிறது. அவள் நைட் டூட்டி முடித்து வரும் நேரத்தை, நேர வித்தியாசம் கோடையில் நாலரை மணி, குளிர்காலத்தில் ஐந்தரை மணி என்று கூட்டிக் கழித்து, ஷாப்பில் மேஸ்திரி பார்க்காத இரண்டு நிமிஷத்தில் அனுப்பியது அது. மொழிபெயர்ப்பாளர் 'உணவு உட்கொண்டாயா' என்று ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுத்திருக்கிறார். படித்தால் நான் அவளுக்கு டாக்டர் மாதிரி இருக்கிறேன்.

என்னைக் கேட்டால், உங்களுக்குத் தேவையான சாட்சி ஒன்றே ஒன்றுதான்: மொய் நோட்டு. நாற்பது பக்கம், ஊர் பெயர், ஆள் பெயர், தொகை. நூற்றொன்று, ஐந்நூற்றொன்று, எங்கள் முதலாளி மட்டும் ஐயாயிரத்தொன்று. இது அன்பளிப்பு இல்லை, ஐயா, கடன். எழுதியவர் வீட்டு விசேஷத்தில் நாங்கள் திருப்பி வைத்தாக வேண்டும், முடிந்தால் கொஞ்சம் கூட்டி. பொய்க் கல்யாணத்துக்கு எவன் மொய் எழுதுவான்? எங்கள் ஊரில் கல்யாணம் நிலைக்குமா என்று தீர விசாரித்துவிட்டுத்தான் ஐந்நூறா நூறா என்று முடிவு செய்கிறார்கள். உங்கள் துறைக்கு இருக்கும் ஆள்பலத்தைவிட என் பெரியம்மாவுக்கு விசாரிக்கும் திறமை அதிகம்.

இப்போது ஒரு விஷயத்தை நானே சொல்லிவிடுகிறேன். அச்செடுத்த உரையாடலில் அக்டோபர் மாதம் பதினொரு நாள் ஒன்றுமே இல்லை. விசா வேலை செய்து கொடுப்பவர் அதைப் பார்த்துப் பதறிவிட்டார். 'இந்த இடைவெளியை ஆபீசர் கேட்பான், அந்த நாளுக்கு ஏதாவது போட்டு நிரப்பு' என்றார். நான் மாட்டேன் என்றேன். நடந்தது இதுதான்: அவள் ரகசியமாகச் சொன்ன ஒன்றை நான் அம்மாவிடம் உளறிவிட்டேன். அவள் பேசவில்லை. நானும் வீம்புக்குப் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் 'சாப்டியா' என்று அவளே அனுப்பினாள்.

இதற்குத்தான் ஒரே தொழில்காரர் என்று முதலிலேயே சொன்னேன். எங்கள் மேசைக்கு வரும் ஒவ்வொரு தோலிலும் ஏதாவது இருக்கும். முள் கீறிய கோடு. உண்ணி கடித்த புள்ளி. சூடு போட்ட தழும்பு. நுகத்தடி தேய்த்த காய்ப்பு. மாடு எங்கே மேய்ந்தது, எந்த வேலியில் உரசியது என்று தோலிலேயே எழுதியிருக்கும். தழும்புக்காகத் தரத்தைக் குறைப்போம், உண்மைதான். ஆனால் தழும்பைப் பார்த்து 'இது தோலே இல்லை' என்று எவனும் சொன்னதில்லை. ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே வழவழப்பு, ஒரு கீறல் இல்லை, மயிர்த்துளை எல்லாம் அச்சுப் போட்டதுபோல் ஒரே இடைவெளியில் என்று ஒன்று வந்தால்தான் நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். அது ரெக்சின். உங்கள் மேசைக்கும் அப்படி விண்ணப்பங்கள் வந்திருக்கும்: தினம் இருபது இதயப் படம், கடற்கரையில் கைகோத்த போட்டோ, ஒரு நாள்கூட இடைவெளி இல்லாத உரையாடல். அவற்றையும் கொஞ்சம் தடவிப் பாருங்கள்.

உங்கள் துறை முன்பு எப்படித் தரம் பிரித்தது என்றும் படித்தேன். 1979 ஜனவரியில், அங்கே இருந்த ஒருவரை மணக்க ஹீத்ரூவில் வந்து இறங்கிய 35 வயது இந்திய ஆசிரியையை, அவர் உண்மையிலேயே கல்யாணமாகாதவர்தானா என்று பார்க்க, ஒரு ஆண் டாக்டரை வைத்துக் கன்னித்தன்மைப் பரிசோதனை செய்தீர்கள். செய்தி வெளியானதும் நிறுத்திவிட்டதாகச் சொன்னீர்கள். அதே மாதிரி இந்தியாவில் இருந்த உங்கள் அலுவலகங்களிலும் எண்பது பெண்களுக்கு மேல் நடந்ததை 2011இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் உங்கள் கோப்புகளிலிருந்தே எடுத்தார்கள். அன்று உடம்பைத் தடவினீர்கள், இன்று செல்போனைத் தடவுகிறீர்கள். இதை முன்னேற்றம் என்றே ஒப்புக்கொள்கிறேன்.

அதற்கப்புறம் என்னைப் போன்ற புருஷன்மார்கள் முறை. அங்கே குடியிருக்கும் ஆண் மனைவியைக் கூப்பிட்டால் சுலபம், பெண் கணவனைக் கூப்பிட்டால் கஷ்டம் என்று விதி வைத்திருந்தீர்கள். மூன்று பெண்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1985 மே மாதம், இது ஆண் பெண் பாகுபாடு என்று தீர்ப்பு வந்தது. நீங்களும் தலைவணங்கிப் பாகுபாட்டை நீக்கினீர்கள். எப்படி? புருஷன்களுக்குச் சுலபமாக்கவில்லை, பெண்டாட்டிகளுக்கும் அதே கஷ்டத்தைக் கொடுத்தீர்கள். பந்தியில் ஒரு பக்கம் பிரியாணி வரவில்லை என்று புகார் சொன்னால், மறுபக்கத்து இலையிலிருந்தும் வழித்து எடுத்துவிட்டு 'இப்போது சமம்' என்று சொல்லும் சமையற்காரரை வாணியம்பாடியில் இதுவரை நாங்கள் பார்த்ததில்லை.

பணத்துக்கு வருவோம். கணவனையோ மனைவியையோ அழைப்பவருக்கு வருஷம் இவ்வளவு சம்பளம் வேண்டும் என்று 2012 ஜூலையில் 18,600 பவுண்டு வைத்தீர்கள். 2024 ஏப்ரல் 11 முதல் அது 29,000. நம்மூர்க் காசில் முப்பது லட்சத்துக்கு மேல். 38,700 என்றும் ஒரு தடவை அறிவித்துப் பார்த்தீர்கள், பாதி இங்கிலாந்தே அலறியதோ என்னவோ, அது நின்றுபோனது. என் மனைவி அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறாள். எங்கள் தெருவில் இன்னொரு பெண், ஆம்பூர் கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் தைக்கிறவள். அவள் புருஷன் லெஸ்டரில் ஓட்டல் சமையற்கட்டில் நிற்கிறார். உங்கள் சர்க்கார் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி, 2025 ஏப்ரல் கணக்குப்படி மணிக்கு 12 பவுண்டு 21 பென்ஸ். வாரம் நாற்பது மணி நேரம், ஐம்பத்திரண்டு வாரமும் லீவு போடாமல் நின்றால் 25,397 பவுண்டு. அதாவது அந்தக் கூலியில் அவர் அங்கே வாழலாம், வரி கட்டலாம், பெண்டாட்டியோடு வாழக்கூடாது. அவள் இங்கே ஷூ தைத்துச் சம்பாதிப்பது கணக்கில் சேராது. சம்பளம் இல்லாமல் சேமிப்பை மட்டும் காட்டுவதென்றால் 88,500 பவுண்டு ஆறு மாதம் வங்கியில் அசையாமல் கிடக்க வேண்டும். ஏறக்குறைய ஒரு கோடி. அது இருந்தால் அவர் ஏன் லெஸ்டருக்குப் போகிறார், அதிகாரி அவர்களே? இங்கேயே தோல் ஷாப் வைத்திருப்பார்.

எங்கள் விஷயத்தில் வேடிக்கை வேறு. அவள் வேலை விசாவில் இருந்தபோதே தாலி கட்டியிருந்தால் இந்த 29,000 பேச்சே கிடையாது. அவள் விசாவோடு ஒட்டிக்கொண்டு நானும் வந்திருக்கலாம், சுகாதாரக் கட்டணமும் இல்லை. நன்றாக வேலை செய்தாள் என்று நிரந்தர உரிமை கொடுத்தீர்கள். கொடுத்ததும் அவள் புருஷனுக்கு விலை ஏறிவிட்டது.

விண்ணப்பத்துக்கு, 2025 ஏப்ரல் கணக்குப்படி, 1,938 பவுண்டு. சுகாதாரக் கட்டணம் 3,105, முன்பணமாக. அவள் ராத்திரியெல்லாம் நின்று நடத்தும் அதே ஆஸ்பத்திரிக்கு, எனக்குத் தலைவலி வருவதற்கு மூன்று வருஷம் முன்பே பணம். தோல் ஷாப் கழிவு கலந்த எங்கள் பாலாற்று வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது: ஆற்றைக் கெடுத்தவன் கட்ட வேண்டும். முதலாளிகள் முணுமுணுத்தாலும் அதன் நியாயம் எங்களுக்குப் புரிந்தது. தாலி கட்டியவன் கட்ட வேண்டும் என்ற தீர்ப்பை உங்களிடம்தான் பார்க்கிறேன்.

ஆங்கிலப் பரீட்சை எழுதிவிட்டேன். ஏ1, பேச்சும் கேட்டலும். இன்னொரு விண்ணப்பதாரரோடு ஜோடி சேர்ந்து பேச வேண்டும். எனக்கு வாய்த்தது யாரோ ஒருவரின் புது மனைவி. என் மனைவியோடு நான் ஒரு வார்த்தை ஆங்கிலத்தில் பேசியதில்லை; அவரோடு வார இறுதியில் என்ன செய்வோம் என்று இங்கிலீஷில் பேசினேன். இருவரும் பாஸ். காசநோய் எக்ஸ்ரேயும் ஆயிற்று. கைரேகைதான் கவலை. சுண்ணாம்பிலும் உப்பிலும் ஊறிய கைகளுக்கு எங்கள் ரேஷன் கடை மெஷினே மூன்று முறை யோசிக்கும். அதற்காகத் தினம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறேன். வரும் வாரம் விடியற்கால ஏலகிரி எக்ஸ்பிரஸில் ரேகை வைக்கச் சென்னைக்குப் போகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். என் கோப்பை எடுக்கும் நாளில் கட்டங்களில் டிக் அடிப்பதற்கு முன்னால் அந்தப் பதினொரு நாளை ஒரு முறை விரலால் தடவிப் பாருங்கள்.

இணைப்பு: அவளுடைய ஆறு மாதச் சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கும், வீட்டு வாடகைப் பத்திரம், திருமணப் பதிவுச் சான்று, ஆல்பத்திலிருந்து பன்னிரண்டு படங்கள் (சித்தப்பா படம் உட்பட), உரையாடல் 212 பக்கம், மொய் நோட்டு.

மொய் நோட்டின் அசலை அம்மா தரமாட்டேன் என்கிறாள், நகல்தான் வைத்திருக்கிறேன். வரும் தை மாதம் மூன்று கல்யாணம் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நார்த்தாம்ப்டன் நர்ஸின் வீட்டுக்காரன்.